பந்தியில் தோட்டா

அன்னூர் மண்டபத்தில் மூன்றாம் பந்தி.
சென்னியப்பன் மாமா குருமாவிலிருந்து
ஆறு பட்டாணி பொறுக்கி
இலை ஓரத்தில் வைக்கிறார்.
'இது பன்னெண்டு போரு, எல்.ஜி.
தோட்டாவுக்கு ஆறு.
முப்பது தப்படிக்குள்ள சிக்குனா பன்னி எந்திரிக்காது.'

எதிர் வரிசை மருதாசலம்
ஒரு கேரட் துண்டை நிமிர்த்தி நிறுத்துகிறார்.
'நம்முளுது த்ரீ ஃபிப்டீனுங்க. மெதுவாத்தான் போகும்.
போயி உக்காந்துச்சுன்னா உக்காந்ததுதான்.'

நீளமான பீன்ஸ், தர்ட்டி நாட் சிக்ஸ்.
அது இங்கே யாரிடமும் இல்லை.
குன்னூர் எஸ்டேட்டில் ஒருத்தர் வைத்திருந்தாராம்.
இல்லாத துப்பாக்கிக்குத்தான்
பந்தியில் மரியாதை.

ரசம் ஓடிப் பட்டாணிகள் கலைகின்றன.
மறுபடி அடுக்குகிறார்.
ரெண்டு ஏக்கர் மக்காச்சோளம், ஒரே ராத்திரி.
தின்றதைவிடச் சாய்த்ததுதான் அதிகம்.
'எலெக்சன் வந்தா துப்பாக்கியக் கொண்டுபோயி
டேசன்ல குடுத்தரோணும்.
ரசீத பன்னிகிட்டயா காட்டறது?'

சிரிப்பு அடங்கியதும் என் பக்கம் திரும்புகிறார்.
'ஏஞ் சாமி, நீதான அறுத்துப் பாக்கறவ.
நீ சொல்லு, எது நல்லது?'

எனக்குத் தோட்டாக்களைக் கடைசியில்தான் பழக்கம்.
இடுக்கி நுனியில்,
எவர்சில்வர் கிண்ணத்தில் விழும் சத்தமாக.
ஆறு பட்டாணியில் மூன்றோ நான்கோ கிடைக்கும்;
மற்றவை எந்த வேலியில், எந்த வாழையில்.
கேரட் காளானாக விரிந்து
தோள் எலும்போடு ஒட்டியிருக்கும்,
சுற்றிலும் சதை நாவல்பழ நிறத்தில்.
நாட்டுத் துப்பாக்கியில் போட்ட சைக்கிள் பால்ரஸ் ஒன்று:
அதைச் சீழுக்குள் வைத்துக்கொண்டு
எத்தனை மாதம் நடந்ததோ அந்தப் புள்ளிமான்.

இன்னொன்றை யாரும் இலையில் வைக்கவில்லை.
பூசணிக்குள் பொதித்த அவுட்டுக்காய்.
பன்னிக்கு வைத்தது.
சிறுமுகைக்கு மேற்கே அதைக் கடித்தது
நான்கு வயதுப் பெண் யானை.
தின்ன வாயில்லாமல் பதினோரு நாள்
பவானித் தண்ணீருக்குள்ளேயே நின்றது.
அன்று என் கிண்ணத்தில்
கொஞ்சம் கூழாங்கல், ஒரு முழம் சணல்.

நாற்காலிகளுக்குப் பின்னால்
நாலாம் பந்திக்காரர்கள் வந்து நின்றுவிட்டார்கள்.
மோர் ஊற்றுகிறவன் அவசரப்படுகிறான்.

'எதுவானாலும் எண்ணி வெச்சுக்குங்க மாமா.
போட்டது எத்தன, கெடச்சது எத்தனன்னு.'

'டாக்டரு நழுவறா பாரு' என்று சிரித்து
கேரட்டை மோர்ச்சோற்றோடு பிசைகிறார்.
பட்டாணியை ஒவ்வொன்றாக வாயில் போடுகிறார்.
பழக்கதோஷம், எண்ணினேன்.

ஐந்து.
இலையை மடித்துவிட்டு எழுந்தார்.