பன்னிரண்டு அங்குலம்

"யாருக்கும்மா மெஷின்?"
எனக்கு என்றேன்.
பூபாலன் என் பின்னால் பார்த்தார்.
பின்னால் செவ்வாய்ப்பேட்டைச் சாலைதான் இருந்தது,
வெல்ல மூட்டை ஏற்றிய ஒரு மினி லாரியும்.

காலை ஆறரை பஸ்.
இருபது வளைவும் இறங்குவதற்குள் இரண்டு பேர் வாந்தி.
நான் ஜன்னலோரம் கைக்காகிதத்தைப் படித்துக்கொண்டே வந்தேன்:
கொய்யாக் கிளை, மணிக்கட்டு மொத்தம்.
பிடுங்கிப்போட்ட காப்பி வேர்க்கட்டை, ஒரு குவியல்.
சில்வர் ஓக், தொடை மொத்தம், காற்றில் விழுந்தது, ஏழு.
கடைசி வரியில் பலா.
அதற்கு மட்டும் தையல் டேப்பை இரண்டு தரம் வைத்து அளந்து
எண்ணாக எழுதியிருந்தேன்.
சுற்றளவு நூற்றியிரண்டு.

முதலில் பெரியதைத்தான் இறக்கினார்.
இருபத்திரண்டு அங்குல வாள், ஐம்பத்தெட்டு சிசி.
"எஸ்டேட்காரங்க எல்லாம் இதான்.
சின்னது எடுத்தா நாளைக்கே வருத்தப்படுவீங்க."
நாளைக்கு வருத்தப்படுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.
இன்றைக்குத் தோள் வலிக்கக் கூடாது.

அவருக்குப் போன் வந்தது, யாரோ சங்கிலி அறுந்த கதை.
அது முடியும்வரை கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தேன்.
பெரியது, பன்னிரண்டு எண்ணுவதற்குள்
மூக்கைத் தரையில் வைத்தது.
சின்னதோடு எழுபதுவரை போய்
எனக்கே அலுத்து நிறுத்தினேன்.

கரண்டில் ஓடுவதும் உண்டாம்.
புகையில்லை, கயிறு இழுக்க வேண்டாம்.
மஞ்சக்குட்டையில் தூறல் விழுந்தால் முதலில் போவது கரண்ட்.
பேட்டரியில் ஓடுவதை விலை கேட்டுவிட்டு
தூசி தட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"இழுத்து ஸ்டார்ட் பண்ணுவீங்களா?"
கடை வாசலில், டீ குடிக்க வந்தவர்கள் பார்க்க,
பின் கைப்பிடிக்குள் கால் நுனியை வைத்து
சோக்கைப் போட்டு இழுத்தேன்.
மூன்றாவதில் பிடித்தது.
யாரும் கைதட்டவில்லை.
ஒருவர் மட்டும் டீயை நகர்த்தி வைத்தார்.

லிட்டருக்கு நாற்பது மில்லி ஆயில்.
வாளின் மூக்கு நுனி கட்டையில் பட்டால் துள்ளி முகத்துக்கு வரும்.
கண்ணாடி போடாமல் தொடாதீங்க.
எல்லாம் சொல்லிவிட்டுக் காகிதத்தைக் கேட்டு வாங்கினார்.
"இந்தப் பலாவை இது அறுக்காது.
இந்தப் பக்கம் பன்னிரண்டு, அந்தப் பக்கம் பன்னிரண்டு.
நூற்றியிரண்டை மூணால வகுத்தா முப்பத்திநாலு.
நடுவுல பத்து அங்குலம் நிக்கும்."

தெரியும்.
பத்தாவது வளைவிலேயே வகுத்துவிட்டேன்.
அந்தப் பத்து அங்குலத்தை வாங்கத்தான் வந்திருக்கிறேன்.

சொல்லவில்லை.

காரணம் கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை.
பழம் சுமார். சுளையைவிடச் சக்கை அதிகம்.
குரங்குகளே பாதியில் வீசிவிட்டுப் போகும்.
ஓசூர் லேத்தில் வேலை செய்யும் சவரிநாதன்
மாதம் இருமுறை வந்து இறங்கியதும்
பையைத் தோளில் வைத்தபடியே அதை அண்ணாந்து பார்ப்பார்.
கன அடி இவ்வளவு, மொத்தம் இவ்வளவு என்பார்.
வீட்டுக்குள் வருவது அப்புறம்.

சரியாக அப்போதுதான் அழைத்தார்.
"பெருசா பார்த்து எடு. பலாவை நாமளே இறக்கிரலாம்."
என் தலைக்கு மேல் சுவரில்
ஐந்து பெரிய மெஷின்கள் ஆரஞ்சு நிறத்தில் தொங்கின.
"பெருசு ஸ்டாக் இல்லையாம்" என்றேன்.

பூபாலன் பில் எழுதுவதை நிறுத்தினார்.
பேனாவை ஒருமுறை உதறிப் பார்த்தார்.
பிறகு எழுதினார்.
பைக்குள் அரம் ஒன்றைக் கூடுதலாகப் போட்டார்.
பில்லில் அது இல்லை.

மறுநாள் மதியத்துக்குள் ஏழில் மூன்று முடிந்தது.
நிறுத்திய பிறகும் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன.
சோற்றில் பெட்ரோல் மணம்.
மெஷினைப் பலாவின் அடியில்தான் வைத்திருந்தேன்;
அந்தச் சரிவில்
சமமான இடம் வேறு கிடையாது.