மணி அடிக்காத ஞாயிறு

ஆண்டவரே, நான்தான், எடெல்மிரா.
சிலோயேவுக்குக் கிழக்கே, வரைபடத்தில்
ஈ எச்சம்போல் ஒரு புள்ளி இருக்கிறதே,
அந்தத் தீவின் மரக்கோவிலுக்குச் சாவி வைத்திருப்பவள்.
சாமியார் படகேறி வருவது ஆண்டுக்கு இரண்டு தடவை.
மற்ற ஐம்பது ஞாயிறும்
செபம் சொல்வது நான்,
கேட்பது மூன்று பேர்,
அதில் சுனில்டாவுக்குக் காது கேட்காது.

உமக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் சொல்கிறேன்.
ஆறு நாள் சிப்பி ஆலையில் நிற்கிறேன்.
கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி.
ஆவியில் வாய் பிளந்தவற்றைக்
கத்தியால் வழித்து வழித்து,
கட்டைவிரலில் பழைய கீறல் ஆறுமுன்
புதியது விழுந்துவிடும்.
ஞாயிறு காலை தீர்த்தத் தொட்டியில் விரல் நனைத்தால்
சுரீர் என்று எரியும்.
பல்லைக் கடித்துக்கொண்டுதான்
சிலுவை அடையாளம் போடுகிறேன்.
அதைப் பக்தி என்று நினைக்கிறாள் சுனில்டா.

முன்பெல்லாம் ஏதோ அசையும்.
முழங்காலிட்டதும்
கூரைக்குள் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல.
ஒன்பது வருடமாக இல்லை.
என்றைக்கு நின்றது என்றால் சொல்லத் தெரியாது.
குழாயில் சொட்டு நிற்பதை
யார் கவனிக்கிறார்கள்?

ஜூனில் முடிவு செய்தேன்:
ஆகஸ்டில் சாமியார் வந்தால்
சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது.
முழங்கை நீளத்துக்கு இரும்பு.
ஆணியே இல்லாமல் மரமுளை அடித்துக் கட்டிய கோவிலில்
இரும்பு என்று இருப்பவை
சாவியும் பூட்டும்
மணியின் நாக்கும்தான்.
என்ன சொல்வது என்று
சிப்பி வழித்தபடியே ஒத்திகையும் பார்த்தேன்:
"சாமி, முதுகு வலிக்கிறது."
அது பொய்யும் இல்லை.

அந்த ஞாயிறு வடமேற்குக் காற்று.
மழை குறுக்கே பெய்தது.
நான் போகவில்லை.
காய்ச்சல் கீய்ச்சல் ஒன்றுமில்லை, ஆண்டவரே.
அடுப்புக்கு விறகு வைத்தேன்.
உருளைக்கிழங்கு சீவினேன்.
பத்து மணி வந்தது,
என்னைப் பார்த்தது,
போயிற்று.
அட, இவ்வளவு லேசா, என்றிருந்தது.
அந்த லேசு மதியம்வரை தாங்கியது.

மதியம் கதவைத் தட்டினான்
மேட்டு வீட்டு ஆரிஸ்தீதெஸ்.
மனைவியைக் கடல் கொண்டுபோன பிறகு
உம் பேரைக் கேட்டாலே துப்புகிறவன்.
கையில் தட்டு.
தட்டில் கரிக்கட்டை.

"நீ மணி அடிக்கவில்லை," என்றான்.
"மாட்டைக் கறந்துவிட்டு வந்து அடுப்பில் வைப்பேன்,
உன் மணிக்கு எடுப்பேன்.
பதினோரு வருடமாக அப்படித்தான்.
பார், என் ரொட்டியை."
"கடிகாரம் வாங்கேன்," என்றேன்.
"எதற்கு? அதுதான் மணி இருக்கிறதே."

உடம்புக்கு என்ன என்று கேட்கத் தெரியாமல் நின்றான்.
தொப்பியின் தண்ணீர்
கரியின்மேல் சொட்டியது.
பிறகு போய்விட்டான்.
மனம் திரும்பினான் என்று
தயவுசெய்து எழுதிக்கொள்ள வேண்டாம்.
இன்றைக்கும் துப்புகிறான்.

சாவியை எடுத்துக்கொண்டு போனேன்.
கூரையில் ஒரு மரச்செதில் பறந்து,
பீடத்துக்கு இடப்புறம் ஒழுகிக்கொண்டிருந்தது.
வாளியை நகர்த்தி வைத்தேன்.
கயிற்றைத் தொட்டுவிட்டு விட்டுவிட்டேன்:
நேரம் தப்பி அடித்தால்
எந்த வீட்டில் எது பாதி வெந்திருக்குமோ.

வாளியின் பக்கத்தில் முழங்காலிட்டு
செபமாலை சொன்னேன்.
நடுவில் இரண்டு இடத்தில் எண்ணிக்கை தவறியது.
ஒன்றும் அசையவில்லை.
கூரை கூரையாகவே இருந்தது.
நான் எழுந்தபோது
வாளியில் நான்கு விரல் தண்ணீர்.
வெளியே கொண்டுபோய்க் கொட்டினேன்,
திரும்ப வைத்தேன்.

ஆகஸ்டில் சாமியார் வந்தார்.
முதுகுவலியைச் சொன்னேன்.
தைலம் கொடுத்தார்.
சாவி என் பாவாடைப் பைக்குள்
தொடையில் இடித்துக்கொண்டிருந்தது.
"வேறு ஏதாவது?" என்றார்.
கூரைக்கு மரச்செதில் நூறு வேண்டும் என்றேன்.

அறுபது அனுப்பினார்.
மீதிக்கு
வாளி இருக்கிறது.