ரெண்டே கால் வயசு

ஐம்பது சொல்லாவது வேணுமாம்.
எழுதிக்கொண்டு வரச் சொன்னார் டாக்டர்.

செக்கானூரணி தாண்டும்வரை
காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன்:
அம்மா. இந்தா. ஆடு.
'புவ்வா': சோறும் அதுதான், நிலாவும் அதுதான்;
ஒன்றா, இரண்டா?
'ங்கே' அவள் அண்ணனுக்கு மட்டும் விளங்கும்,
அதைச் சேர்ப்பதா?

பக்கத்து வீட்டு மித்ரன்
இவளைவிட மூணு மாசம் இளையவன்;
காப்பித்தூள் கடன் கேட்கப் போனால்
'ஆன்ட்டி, அம்மா இல்லை' என்கிறான்.
"பேச்சின்னு பேரு வச்சும்..." என்று
பாதியில் நிறுத்துவாள் அவன் அம்மா.

பெரியாஸ்பத்திரி வரிசையில் கூட்டினேன்.
பதினேழு.
சொல்லாத 'தாத்தா'வை ஒன்று சேர்த்தேன்.
மனசு கேட்காமல் அடித்தேன்.

தோளில் கிடந்தவள்
அடித்த இடத்தில் விரல் வைத்து
'போச்சு' என்றாள்.

பேனாவைத் திறந்தபடி நிற்கிறேன்.
இன்னொரு தரம் சொல்லு, தாயீ.