பன்றிக்குத் தெரியாத நிறம்

பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி
நடுரோட்டு அரளிக்குத் தண்ணீர் விடுவது என் வேலை.
கையில்லாத ஆரஞ்சுச் சட்டை,
நெஞ்சில் இரண்டு வெள்ளிப்பட்டை,
முதுகில் பதினேழு.
நூற்றெண்பது ரூபாயை
முதல் சம்பளத்திலேயே பிடித்துக்கொண்டார்கள்.
பெங்களூர் லாரி எனக்காக ஒதுங்குவதில்லை.
சட்டைக்காக ஒதுங்குகிறது.
அதுவே போதும்.

தீர்த்தனின் இடது தொடைக்குள்
இன்னும் நான்கு பால்ரஸ் இருக்கிறது.
ஒன்பது போனதில்
அடுக்கம்பாறையில் ஐந்தை எடுத்தார்கள்.
மிச்சம் நரம்பை ஒட்டி இருக்கிறதாம்,
தொந்தரவு செய்யாதவரை இருக்கட்டும் என்றார் டாக்டர்.
சைக்கிள் கடையில் கம்ப்ரசர் வெடித்தது என்று
எழுதிக் கொடுத்தோம்.
எங்கள் ஊரில் சைக்கிள் கடையே இல்லை.

சுட்டவன் என் தம்பி மாசிலாமணி.
கொல்லை ஓரம் அசைந்தது,
பன்றி என்று நினைத்தான்.
அசைந்தது, முள்ளில் மாட்டிய வேட்டியை
விடுவிக்கக் குனிந்த என் புருஷன்.
அதைப்பற்றி இருவரும் பேசுவதே இல்லை.
மார்கழிக் குளிரில் தொடை இழுக்கும்போது மட்டும்
தம்பி எழுந்து வெளியே போய்விடுவான்.

இந்த வருஷமும் வேர்க்கடலை காய் பிடித்தது.
இந்த வருஷமும் பன்றி இறங்கியது.
ஒரே ராத்திரியில் கால் காணி,
ஏர் ஓட்டிய மாதிரி.
இருவரும் துப்பாக்கியைத் துடைக்க உட்கார்ந்தார்கள்.
நான் சட்டையைக் கொண்டுவந்து நடுவில் போட்டேன்.

'இத்தப் போட்டுக்கினு போ.'
'இன்னாத்துக்கு? பன்னி பாத்துட்டு ஓடவா?'
'ஒடுகத்தூர் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டரைக் கேட்டேன்.
பன்னி கண்ணுல இந்தக் கலரே கிடையாதாம்.
அதுக்குச் சாம்பல்தான்.'
தீர்த்தன் சிரித்தான்.
'பன்னிக்குத் தெரியாது சரி,
பாரஸ்ட்காரனுக்குத் தெரியுமே.'

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
தம்பிதான் சட்டையை எடுத்தான்.
வெள்ளிப்பட்டை உள்ளே போகும்படி
புரட்டி, உதறி,
மாமன் தோளில் மாட்டி,
பட்டனைத் தானே போட்டுவிட்டான்.
ஒவ்வொன்றாக. மெதுவாக.

விடிவதற்குள் மலைப்பக்கம் ஒரே ஒரு வெடி.
எழுந்து உட்கார்ந்தேன்.
அடுப்பைப் பற்றவைத்தேன், அணைத்தேன்.
நாய் குரைக்கவில்லை என்றால்
வருவது தெரிந்த கால்கள்.

நாய் குரைக்கவில்லை.

பன்றி இல்லை, சட்டையும் இல்லை.
தம்பி தண்ணீர் கேட்டான், குடிக்கவில்லை.
தாயும் ஏழு குட்டியும் வந்ததாம்.
நெற்றி டார்ச்சைப் போட்டதும்
பன்றிக்கு நேர் பின்னால்
கொள்ளிக்கட்டை மாதிரி ஒன்று நின்றதாம்.
விரல் ஏற்கெனவே பாதி இழுத்துவிட்டது.
குழலை வானத்துக்குத் தூக்கினானாம்.
வெடிச் சத்தத்துக்குக் கீழே ஜீப் முனகியது,
ஓடினார்கள்,
காரைப் புதரில் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு.

சட்டை இல்லாமல் போனேன்.
சூப்பர்வைசர் அரைநாள் கூலியை வெட்டினான்.
அன்றைக்குப் பார்த்து ஒவ்வொரு லாரியும்
என் புடவையை உரசிக்கொண்டு போனது.

மூன்றாம் நாள் ஒரு ஜீப் ஓரம் கட்டியது.
காக்கி பேன்ட், கையில் சுருட்டிய ஆரஞ்சு.
'பதினேழு யாரு?'
குழாயைக் கீழே போடாமல் சொன்னேன்:
'நான்தான் சார். கொடியில காய வெச்சேன்.
கொரங்கு தூக்கினு பூட்ச்சி.'
'பீஞ்சமந்தை ரோடு வரைக்குமா?'
'பெரிய கொரங்கு சார்.'
சட்டையை மூக்கருகே கொண்டுபோனார்.
மருந்து வாசனை அவருக்கும் தெரியும்,
எனக்கும் தெரியும்.
புரட்டிப் போட்ட தையல் வெளியே தெரிந்தது.
'கொரங்குக்குக் கலர் தெரியுமா?'
'அதுக்குத் தெரியும் சார்.
கம்பவுண்டர் சொன்னாரு.'

வெகுநேரம் என்னைப் பார்த்தார்.
பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்தார்.
எழுதினாரா, பேனாவை மூடினாரா,
நடுவில் ஒரு டேங்கர் போனதில்
எனக்குத் தெரியவில்லை.

சட்டை கம்பிவேலி மேல் கிடந்தது.
ஜீப் கிளம்பிவிட்டிருந்தது.
ஒட்டுப்புல்லை ஒன்றொன்றாகப் பிய்த்தேன்,
வலப்புறமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.
அரளிப் பாத்தி நிரம்பி
தண்ணீர் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது.
ஒரு லாரி ஒதுங்கியது.