கட்டிங் மாஸ்டர்

பிரஷர் மாத்திரை தொடங்கிப் பதினோராம் நாள்
இருமல் வந்தது.
சளியில்லை, காய்ச்சலில்லை.
பல்லால் கடித்த நூல்முனையைத்
தொண்டைக்குழியில் யாரோ
விட்டுப் போன மாதிரி.

சயானில் ஏறினேன்.
பக்கத்தில் நின்றவர்கள் தள்ளி நின்றார்கள்.
உட்கார்ந்திருந்தவர் எழுந்து போனார்.
காலை எட்டரை மணி லோக்கலில்
காலி இருக்கை!
முப்பத்தொரு வருஷத்தில் பம்பாய்
எனக்குச் செய்த முதல் மரியாதை.

பட்டறையில் இஸ்தியாக் எதுவும் சொல்லவில்லை.
தண்ணீர் பாட்டிலை மட்டும்
மெஷினுக்கு அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தான்.
சேட் நேராகவே கேட்டார், டிபியா?
எக்ஸ்ரே எடுத்தேன்.
மூன்று நாள் சளி கேட்டார்கள்.
இல்லாத சளியை எங்கே போய்த் துப்ப?

இரவில்தான் அது முழு நேரம் பார்க்கும்.
பத்துக்குப் பன்னிரண்டு அறை.
நான் இருமினால் சேர்மக்கனி விழிப்பாள்,
அவள் விழித்தால் விளக்கு,
விளக்கு எரிந்தால்
பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல்:
அண்ணாச்சி, விக்ஸ் தரட்டா?

ஒருநாள்
நாற்பது அடுக்குத் துணியில் கத்தி ஓடும்போது
இருமினேன்.
கோடு அரை அங்குலம் விலகியது.
நாற்பது சட்டைகளின்
இடது கை போயிற்று.

சயான் ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேர வரிசை.
டாக்டர் சின்னப் பெண், பட்டையில் கீர்த்திகர் என்று பெயர்.
மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்ததும்
இதுதான் என்றாள்.
என்ன வேலை என்று கேட்டாள். சொன்னேன்.
சிரித்துக்கொண்டே
கேஸ் பேப்பரின் முதுகில் வரைந்தாள்:
பத்து மணி கோத்த ஒரு சரம்.
கடைசி இரண்டை நறுக்கினால் மிஞ்சும் எட்டு
ரத்தக் குழாயை இறுக்கிப் பிடிக்கும்.
நறுக்குவது ஒரு நொதி.
நுரையீரலின் மெல்லிய குழாய்களில்
வரிசையாக உட்கார்ந்திருக்கிறது.
மாத்திரை அதன் கையைக் கட்டிவிட்டது.

கட்டட்டுமே, இருமல் எதற்கு என்றேன்.

அதே கைக்கு இன்னொரு வேலையும் உண்டாம்.
வேறு சில துணுக்குகளை வெட்டிக் கழிப்பது.
கை கட்டினால் அவை சேரும்.
சேர்ந்தால் தொண்டை அரிக்கும்.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது.
எங்கள் பட்டறையிலும்
பகலில் துணி வெட்டுகிறவனே
சாயங்காலம் துண்டு அள்ளுகிறவன்.
நான் டைபாய்டில் கிடந்த வாரம்
வெட்டுத் துண்டு முழங்கால் மட்டும் ஏறி
கதவு திறக்கவில்லை.
பெருக்கத் தனி ஆள் வைக்க
சேட்டுக்கு மனம் வராது.
உடம்பும் ஒரு சேட்தான் போலிருக்கிறது,
ஒரு கூலி, இரண்டு வேலை.

ஏதோ தூரதேசத்துப் பாம்பின் விஷத்திலிருந்து
கிடைத்த யோசனையாம் இந்த மாத்திரை.
அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டதால்
பாம்பு பாதியில் நின்றது.

வெளியே வந்து
வடாபாவ் வண்டியருகே கொஞ்ச நேரம் நின்றேன்.
நாலு மாதமாக
எனக்குள் ஒரு கட்டிங் மாஸ்டரின் கையைக் கட்ட
நானே காசு கொடுத்து
வாங்கி விழுங்கியிருக்கிறேன்.

புது மாத்திரை அவனைத் தொடாது.
அவன் பாட்டுக்கு வெட்டட்டும், அள்ளட்டும்.
வெட்டிய எட்டு போய் உட்காரும் இடத்தில் மட்டும்
இது முந்திக்கொண்டு துண்டு போட்டு வைக்கும்,
நாங்குநேரி பஸ்ஸில்
ஜன்னல் வழியாகப் போடுவோமே, அப்படி.

இரண்டு வாரம் போயிருக்கும்.
தகரத்தின் மேல் மழை.
ராத்திரி மூன்று மணிக்கு
தோளைப் பிடித்து உலுக்கினாள் சேர்மக்கனி.
விளக்குப் போடவில்லை.
என் மூக்கருகே அவள் புறங்கை.

ஏன் இரும மாட்டேங்கிய?

என்ன சொல்ல.
அவளுக்காக
ஒரு தரம் இருமினேன்.

சுவருக்கு அந்தப் பக்கம்
யாரோ புரண்டு படுத்தார்கள்.