போலே

நீல மேலங்கி எனக்கு இரண்டு அளவு பெரிது.
கையில் இரத்த அழுத்தக் கருவி, சீனி பார்க்கும் ஊசிகள்,
ஒரு மாதத்துக்கான படிவங்கள்.
ஜனவரி. ஷெப்பர்ட்டனில் நாற்பத்திரண்டு பாகை.
விடிய நாலு மணிக்குப் பழத்தோட்டம் போனவர்கள்
இரண்டு மணிக்கு மேல்தான் திரும்புவார்கள்.
"சம்பளமும் இல்லை, நிழலும் இல்லை" என்றார் என் மனுசன்,
தொலைக்காட்சியில் கிரிக்கெட்டைப் பார்த்தபடி.

முதல் வாரம் ஒரு கதவும் திறக்கவில்லை.
திரைச்சீலை ஒரு விரல் அளவு விலகும், மூடும்.
மேலங்கி போட்டு வருகிறவர்கள்
பெயரைக் கேட்பார்கள், எழுதுவார்கள்,
பிறகு ஒருநாள் ஆளைக் கேட்பார்கள்.
கிவு ஏரிக்கரையிலிருந்து வந்தவர்களுக்கு அது தெரியும்.
எனக்கும் தெரியும்.
எட்டாம் நாள் அதைக் காரிலேயே கழற்றிப் போட்டேன்.

பதினொரு வயது பாஹாத்திதான் என் மொழிபெயர்ப்பாளன்.
கூலி, வீட்டுக்கு ஒரு ஐஸ்பழம்.
"இரவில் நித்திரை வருமா என்று கேள்."
பியாமுங்கு பேசினார்.
கைகளை விரித்து ஓர் ஆற்றைக் காட்டினார்,
அதன் மேல் ஒரு பாலத்தை,
பிறகு பாலம் இருந்த இடத்தை.
தேநீரில் ஆடை படிந்துவிட்டது.
பாஹாத்தி என் பக்கம் திரும்பினான்:
"வராதாம்."
படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது.
சரி போட்டேன்.

ரிஸீக்கி, குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு
மரவள்ளி மாவைக் கிண்டப் போனாள்.
ஏணியும் பழக்கூடையும் திரட்டிய புயம்,
என் அளவுப்பட்டை அதைச் சுற்றி எட்டவில்லை.
பெரிய பட்டை கேட்டு அலுவலகத்துக்கு எழுதினேன்.
மார்ச்சில் வருமாம்.

வெளியே வரும்போது படி தடக்கி விழுந்தேன்.
வீட்டுக்குள்ளிருந்து நாலு குரல்: "போலே!"
எதைப் போலே?
முழங்காலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.
எங்கள் மொழியில் அது தனியே வராது.
முன்னால் ஏதாவது நிற்கவேண்டும்,
பூவைப் போலே, பேயைப் போலே, யாரோ போலே.
பாஹாத்தி சிரித்தான்.
"உங்களுக்கு நொந்துபோச்சே என்று அர்த்தம்.
வேறொன்றும் இல்லை."

இருபத்திரண்டாம் நாள் புக்காவுவிலிருந்து தொலைபேசி.
பியாமுங்குவின் தம்பி.
வாசல் நிறையச் செருப்புகள்,
கராஜுக்குள் பிளாஸ்டிக் கதிரைகள்,
ஒரு கதிரையில் மட்டும் படம்.
உடல் வராத செத்தவீட்டை
எனக்கு ஒருவரும் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.
அண்ணாவின் அடையாள அட்டையைப் பெருப்பித்து
நாங்களும் கதிரையில்தான் வைத்தோம்.
பெருப்பித்ததில் ஒரு காது கரைந்துபோயிருந்தது.

கருவி காரில் கிடந்தது.
பியாமுங்குவின் கையைப் பிடித்து
போலே என்றேன்.
முன்னால் ஒன்றும் வைக்கவில்லை.

அதன் பிறகு அவர்களே வந்தார்கள்.
அதே கராஜ், அதே கதிரைகள், மூன்று மணி வரிசை.
முதல் ஆறு பேருக்கும் சீனி முந்நூறைத் தாண்டியது.
அம்புலன்ஸை அழைக்க எண்ணை அழுத்தப் போனேன்.
ரிஸீக்கி தன் விரலை முகர்ந்து என்னிடம் நீட்டினாள்:
பேரிக்காய்.
காலையிலிருந்து பிடுங்கிய பழத்தின் சாறு.
சவர்க்காரம் போட்டுக் கழுவவைத்தேன்.
நூற்றுப் பத்து. தொண்ணூற்றெட்டு. நூற்று நாலு.
அன்று சிரித்த சிரிப்பில்
அழுத்தம் பார்க்க அரைமணி நேரம் பொறுக்கவேண்டியிருந்தது.

கடைசி நாள்.
பட்டையை என் கையில் சுற்றினான் பாஹாத்தி.
நூற்றைம்பத்தெட்டு, தொண்ணூற்றேழு.
புருவத்தைத் தூக்கினான், என்னைப் போலவே.
"இரவில் நித்திரை வருமா?"

பேசினேன்.
எப்போது தமிழுக்கு மாறினேன் என்று தெரியாது.
அவனுடைய ஐஸ்பழம் உருகி
படிவத்தின் மூலையில் சொட்டிக்கொண்டிருந்தது.
அவன் இடையில் மறிக்கவில்லை.

முடித்ததும் குனிந்து
அந்தக் கட்டத்தில் சரி போட்டான்.
இன்னொரு ஐஸ்பழம் கேட்டான்.