பத்தடி

ஏழுக்கு ஆறு.
தீயணைப்பு நிலையத்தின் மாடியில்
மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து
கைதூக்கித் தீர்த்துக்கொண்டோம்.
முப்பத்தொரு வருடமாக எந்தச் சங்கத்தின் சின்னத்தை
எங்கள் பிள்ளைகள் தோளில் சுமந்தார்களோ
அந்தச் சங்கத்துக்கு இனிச் சந்தா இல்லை.

சண்டை பெரிய கொள்கைக்காக இல்லை.
காப்பீட்டுத் தொகை. அப்புறம் எல்லைக்கோடு.
ஆற்றுக்கு அந்தப்புறத்து ஐடஹோப் பிள்ளைகள்
ஒரேகான் பிள்ளைகளோடு ஆடலாமா என்று
ஆறு கண்ணால் பார்த்திராத ஓர் அலுவலகத்தைக் கேட்டு
நான்கு மாதம் காத்திருந்தோம்.
பதில் வந்தது. ஒரே வரி.
கையெழுத்துகூட அச்சடித்தது.

வெண்டல் ஹோகன் எழுந்து
"என் மகன் மாநிலப் போட்டிக்குப் போனது இந்தச் சின்னத்தோடு" என்றார்.
மறுக்கவில்லை யாரும்.
அங்கே பதினான்குக்குப் பூஜ்யம் என்று தோற்றதை
ஞாபகப்படுத்தவும் இல்லை.
கென் நிஷிஹாரா காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்,
சர்க்கரை போடாத காபியை.
ஏழாவது கை அவருடையது.

நான் மைதானம் பார்ப்பவன்.
எனக்கு வந்து சேர்ந்தது இவ்வளவுதான்:
பேஸுக்கும் பேஸுக்கும் இடையில் அறுபதடி
இனி எழுபது.
புதிய விதிநூல், பக்கம் ஒன்பது.

பத்தடி என்பது
சொல்லும்போது அரை மூச்சு,
மண்வெட்டியோடு போனால் ஒரு முழுக் காலை.
பழைய முதல் பேஸின் இரும்புக் குழாய்
பிடுங்க வரவில்லை.
எவரோ நிரந்தரம் என்று நம்பி
சிமெண்டு ஊற்றியிருக்கிறார்.
டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்தேன்.
கடைவாய்ப்பல் போன இடம் மாதிரி ஒரு குழி.
கிடங்கிலிருந்து வெங்காயக் காற்று அடித்தால்
இந்த ஊரில் எல்லோருக்கும் கண் எரியும்.
அதனால் யார் எதற்கு அழுகிறார் என்று
யாரும் கேட்பதில்லை.
வசதி.

சட்டைகளை லியோனா பர்க்ஹால்டர் வாங்கிப்போனாள்.
பிளேடால் ஒவ்வொரு தையலாக வெட்டி
அறுபத்தெட்டுச் சின்னங்களைப் பிரித்தாள்.
பழையது சதுரம், புதியது வட்டம்.
எப்படித் தைத்தாலும் நான்கு மூலையிலும்
வெயில் காணாத நீலம் எட்டிப் பார்க்கிறது.
"துவைக்கத் துவைக்கச் சரியாகிவிடும்" என்றாள்.
எனக்கென்னவோ நம்பிக்கை இல்லை.

முதல் ஆட்டம்.
பந்தை அடித்துவிட்டு ஓடிய பையன்கள்
அறுபதாவது அடியில், நான் மண் போட்டு மூடிய இடத்தில்
கொஞ்சம் வேகம் குறைந்தார்கள்.
மனசுக்குத் தெரியும், கால்களுக்குச் செய்தி போகவில்லை.
அதற்குள் இரண்டு பேர் அவுட்.

வெண்டல் கம்பிவேலியைப் பிடித்தபடி நின்றார்,
பழைய தொப்பி, பழைய சின்னம்.
கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
அன்று காற்று கிடங்கை நோக்கித்தான் வீசியது.

மூன்றாவதாக மைத்தே உருத்தியா.
பதினோரு வயது, உடும்புக் கண்.
போன வருடம் முழுக்க இவளுக்கு ஒரே குற்றச்சாட்டு:
பந்து மட்டைக்காரரை எட்டுவதற்கு முன்னாலேயே
பேஸை விட்டுக் கிளம்பிவிடுகிறாள்.
திரும்பிப் போ, திரும்பிப் போ என்று
அம்பயருக்குத் தொண்டை கட்டியது.
புதிய சங்கத்தில் அது குற்றமே இல்லை.

முதல் பேஸுக்கு வந்தாள்.
ஓரடி எடுத்து வைத்தாள்.
அம்பயரைப் பார்த்தாள்.
அவர் முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.
இன்னும் ஓரடி. மறுபடி பார்த்தாள்.
திட்டு வாங்காத பிள்ளைக்கு
எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

பக்கம் ஒன்பதைப் பிட்சரும் படித்திருந்தான்.
சட்டென்று திரும்பி எறிந்தான்.
மண்ணில் பாய்ந்தாள், விரல் எட்டவில்லை, அவுட்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.
அவள் எழுந்து, வாயிலிருந்த மண்ணைத் துப்பி,
தான் நின்ற இடத்துக்கும் பேஸுக்கும் நடுவே
குதிகாலும் பெருவிரலும் ஒட்ட வைத்து
அடியளந்துகொண்டே வெளியேறினாள்.

நான்காம் இன்னிங்ஸில் மறுபடி முதல் பேஸில்.
இந்தத் தடவை அவள் அம்பயர் பக்கம் திரும்பவே இல்லை.
பிட்சரின் குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.